ஒரு பெல்ட், ஒம்பது செகண்ட்: அரிசோனா பாலைவனத்துல ஆர்பிடி

வியாழன் ராத்திரி, சாண்ட்லர்

பை கட்டியாச்சு. தண்ணி கேன், இயர் மஃப், அதுக்கு உள்ள காதுல அடைக்க ஃபோம் பிளக், சேஃப்டி கண்ணாடி, தொப்பி, கழுத்து வரைக்கும் பட்டன் போடற காட்டன் சட்டை (இது ஏன்னு அங்க வந்தா தெரியும்னு சொல்லிருக்காரு), புளிசாதம், மிளகாப்பொடி தடவின இட்லி, ஊறுகா. வீட்ல எல்லாத்தையும் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, சன்ஸ்க்ரீன் மட்டும் உள்ள தூக்கிப் போட்டா.

நாளைக்கு காலைல கிளம்பறோம். அரிசோனால விக்கியப்னு ஒரு குட்டி ஊரு, அது பக்கத்துல பாலைவனத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை பிக் சாண்டி ஷூட்னு ஒண்ணு நடக்கும். மெஷின் கன் சொந்தமா வச்சிருக்கறவங்க அங்கங்க இருந்து ட்ரக்ல கொண்டுவந்து, கால் மைல் நீளத்துக்கு வரிசையா போட்டு, வார இறுதி பூரா சுடுவாங்க. எங்க ஆபீஸ்ல டெஸ்ட் லேப் பாத்துக்கற பெரியவர் ஒருத்தரு ரொம்ப வருஷமா போறாரு, அவர்ட்ட ஆர்பிடின்னு ரஷ்யாக்காரங்க வடிவமைச்ச ஒரு லைட் மெஷின் கன் இருக்கு, இந்த தடவை எங்களையும் கூப்ட்டாரு. கூட வர்றது டெம்பில இருக்கற என் பழைய ரூம்மேட், இந்தத் தொடர்ல அவன் மச்சான்னே வரட்டும்.

இங்க மெஷின் கன் யாரு வேணா கடைல போய் வாங்கலாம்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, அப்டியெல்லாம் இல்ல. 1934ல வந்த நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட்படி ஒவ்வொரு மெஷின் கன்னும் ஃபெடரல் கவர்மெண்ட்ல பதிவாகி இருக்கணும், கைமாறும்போது 200 டாலர் வரி, கைரேகை, போட்டோ, அப்புறம் காத்திருப்பு. அந்தக் காலத்துல 200 டாலர்னா ஒரு தாம்ப்சன் துப்பாக்கி விலையே அவ்ளோதான், அதாவது யாரும் வாங்கக் கூடாதுன்னே போட்ட வரி. அப்புறம் 1986 மே 19ல கதவையே சாத்திட்டாங்க, அதுக்கு மேல செஞ்ச எதையும் சாதாரண ஆளு பேர்ல பதிய முடியாது. இருக்கறதுதான் இருக்கு, வாங்க நினைக்கறவங்க மட்டும் கூடிட்டே போறாங்க, அதனால விலை எங்கயோ போயிடுச்சு. ஆர்பிடி இன்னும் மோசம், ஏன்னா வெளிநாட்டு மெஷின் கன்னை ஆளுங்க வாங்க இறக்குமதி பண்றதை 1968லயே நிறுத்திட்டாங்க. அந்த வருஷம் நவம்பர் 2ல இருந்து டிசம்பர் 1 வரைக்கும் ஒரு மன்னிப்பு மாசம் விட்டாங்க, வீட்ல பதியாம வச்சிருக்கறதைக் கொண்டாந்து பதிஞ்சுக்கங்க, கேஸ் இல்லன்னு. வியட்நாம்ல இருந்து பட்டாளத்துக்காரங்க பைக்குள்ள பிரிச்சுப் போட்டுக் கொண்டாந்ததெல்லாம் அப்ப வெளிய வந்துச்சு. பெரியவர் வச்சிருக்கறதும் அப்டி வந்ததுதான். சைனால செஞ்ச ஆர்பிடி, அவங்க வச்ச பேரு டைப் 56. அந்தப் பதிவு பேப்பரோட காப்பி இல்லாம அவரு துப்பாக்கிப் பெட்டியை கேரேஜ்ல இருந்து வெளிய எடுக்கறதே இல்ல.

இன்னொண்ணு, இது நம்மாளுங்களுக்கு. எச்1பி மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கியோ குண்டோ கைல வச்சிருக்கறதே இங்க ஃபெடரல் குத்தம். வேட்டை லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு விலக்கு இருக்கு, அந்த மாதிரி இன்னும் ஒண்ணு ரெண்டு. பெரியவர் முன்னாடியே கூப்ட்டப்பல்லாம் நான் போகாம இருந்ததுக்கு அதான் காரணம். க்ரீன் கார்டு கைக்கு வந்ததும் அவரே ஞாபகமா கேட்டாரு.

வெள்ளி ராத்திரி, கேம்ப்

ஃபீனிக்ஸ் தாண்டி விக்கன்பர்க்ல டீசல் போட்டு யுஎஸ் 93 பிடிச்சோம். நல்ல ரோடு. ஜோஷுவா மரங்க ரெண்டு பக்கமும் கையைத் தூக்கிட்டு நிக்கும், நடுவுல நத்திங்னு ஒரு ஊரு, பேருக்கேத்த மாதிரி கைவிட்ட கட்டடத்தைத் தவிர ஒண்ணும் இல்ல, மச்சான் இறங்கி போர்டு முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டான். பர்ரோ க்ரீக் பாலத்துல இருந்து பாத்தா பள்ளத்தாக்கு வயித்தைக் கலக்கும். விக்கியப் பக்கம் வந்ததும் மண் ரோடு, அதுக்கு மேல புழுதி.

வாசல்ல கையெழுத்து வாங்கிட்டு பாதுகாப்பு பத்தி சொல்றாங்க. லைன் ஹாட்னா சுடலாம். லைன் கோல்டுன்னு சொல்லிட்டா ஒருத்தனும் துப்பாக்கி மேல விரல் வைக்கக் கூடாது, துடைக்கக்கூட கூடாது, எல்லாரும் பின்னாடி வந்துடணும். குழல் எப்பவும் மலையைப் பாத்தே இருக்கணும். சொல்ற ஆளு கத்தவே இல்ல, ஆனா அவர் சொல்ற விதத்துலயே இதுல விளையாட்டு இல்லன்னு புரிஞ்சுடும்.

சாயங்காலம் பெரியவர் பெட்டியைத் திறந்தாரு. நான் படத்துல பாத்து பெருசா நெனச்சிருந்தேன், நேர்ல ஒல்லியா இருக்கு. நீளம் ஒரு மீட்டர் கொஞ்சம் கூட, வெறும் துப்பாக்கி 7.4 கிலோ. மரக்கட்டை பட், மரப் பிடி, முன்னாடி ரெண்டு கால் ஸ்டாண்டு, கீழ ஒரு வட்டத் தகர டப்பா. அவ்ளோதான். பக்கத்து டெண்ட்ல ஒருத்தர் எம்ஜி 42ன்னு ஜெர்மன் மெஷின் கன் வச்சிருக்காரு, அது பதினொன்ரை கிலோ, அந்தப் பக்கம் பிரௌனிங் 1919ன்னு அமெரிக்க மெஷின் கன், அது ஸ்டாண்டு இல்லாமலே 14 கிலோ. அதுங்களுக்கு நடுவுல இது கொஞ்சம் பெரிய ரைஃபிள்னுதான் தோணும்.

நம்ம ஊர்ல எல்எம்ஜி, அதாவது லைட் மெஷின் கன்னுன்னு சொன்னா ராணுவத்துல, போலீஸ்ல இருந்தவங்க மனசுல வர்றது பிரென். மேல நட்டுக்கிட்டு நிக்குமே மேகசின், அது. கான்பூர்ல 7.62க்கு மாத்தி ரொம்ப காலம் செஞ்சாங்க. அதுக்கு அப்புறம் வந்த இன்சாஸ் எல்எம்ஜியும் மேகசின்தான். 2020ல இஸ்ரேல்கிட்ட 16,479 நெகேவ் மெஷின் கன் ஆர்டர் பண்ணாங்க, அது பெல்ட், அதாவது குண்டைச் சரமா கோத்து ஊட்டறது. ஆனா தனி ஆள் ஒருத்தன் தூக்கிட்டு ஓடற மாதிரி, பிஸ்டல் குண்டுக்கும் முழு ரைஃபிள் குண்டுக்கும் நடுவுல இருக்கற சின்ன குண்டை பெல்ட்ல கோத்து சுடறதுங்கற யோசனைய 1944லயே டெக்ட்யரேவ்னு ரஷ்ய வடிவமைப்பாளர் செஞ்சு முடிச்சிட்டாரு. ஆர்பிடில கடைசி எழுத்து அவர் பேருதான். அதுக்கு முன்னாடி அவர் செஞ்ச டிபி 27 மேல ஒரு பெரிய தட்டு வச்சிருக்கும், 47 குண்டு, ரெண்டாம் உலகப்போர் ரஷ்யப் படம் எதைப் பாத்தாலும் அது இருக்கும். ஆர்பிடி படைக்கு நிறைய போய்ச் சேர்ந்தது 50கள்ல, மனுஷன் 1949லயே போயிட்டாரு.

பெல்ட் கோக்கறதுதான் இன்னிக்கு ராத்திரி வேலை. எனக்கு இது தெரியவே தெரியாது, சுடறது மட்டும்தான் மெஷின் கன்னுன்னு இருந்தேன். ஒரு டப்பாக்கு 100 குண்டு. ஆனா 100ம் ஒரே பெல்ட் இல்ல, 50, 50ஆ ரெண்டு துண்டு, ரெண்டையும் இணைக்கறது நடுவுல இருக்கற ஒரு குண்டே. அந்தக் குண்டு சுட்டு முடிஞ்சதும் முதல் துண்டு தானா கழண்டு விழுந்துடும், பாதி காலி பெல்ட் காலடில நீளமா தொங்கி மாட்டாது. இந்த மாதிரி சின்ன புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எம்60ன்னு அமெரிக்க மெஷின் கன்ல லிங்க், அதாவது குண்டைப் பிடிச்சிருக்கற இரும்பு வளையம், ஒண்ணொண்ணா உதிர்ந்துடும், திரும்ப பொறுக்கி கோக்கணும். இது உதிராது, காலி பெல்ட்டைத் தூசு தட்டி திரும்ப நிரப்பிக்கலாம்.

ஒவ்வொரு குண்டையும் லிங்க்ல சரியான ஆழத்துக்கு அழுத்தணும். அடிப்பக்கம் எல்லாம் ஒரே கோட்டுல நிக்கணும், ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்னாடி நகர்ந்திருந்தாலும் ஜாம்னு பெரியவர் சொல்லி, கோத்த பெல்ட்டை மேஜை மேல நீட்டிப் போட்டு ஸ்கேல் வச்சு பாத்தாரு. அப்புறம் பூக்காரம்மா சரத்தைச் சுருட்டற மாதிரி வாலுல இருந்து இறுக்கமா சுருட்டி டப்பாக்குள்ள இறக்கணும், தளர்வா சுருட்டினா மூடி மூடாது. மச்சான் நாலாவது பெல்ட்ல கட்டைவிரலைக் காட்டி "டேய் தோல் உரிஞ்சிருச்சுடா, பட்டாளத்துல இதுக்குன்னே ஆள் வச்சிருப்பாங்களா"ன்னான். வச்சிருந்தாங்க, பல ராணுவத்துல பெல்ட் சுமக்க, ஊட்ட தனி ஆளே உண்டு.

குண்டுச் செலவு எங்களோடது. ரவுண்டுக்கு அரை டாலர் பக்கம் ஆச்சு. முன்னாடி ரஷ்யாவுல இருந்து இரும்பு கேஸ் (மருந்து அடைக்கற வெளிக்கூடு) வச்ச குண்டு சல்லிசா வந்துட்டு இருந்ததாம், 2021 செப்டம்பர்ல அமெரிக்கா அதுக்கு லைசென்ஸ் குடுக்கறதை நிறுத்தினதுல இருந்து ஏறினது இறங்கல. ஒரு டப்பா 50 டாலர். நிமிஷத்துக்கு 650ல இருந்து 750 வேகம், அப்ப ஒரு டப்பா விடாம அமுக்கினா சுமாரா ஒம்பது செகண்ட். ரெண்டு பேரு உக்காந்து அரை மணி நேரம் கோத்தது.

சனி, மதியமும் ராத்திரியும் சேர்த்து

காலைல லைன் ஹாட்னு மைக்ல சொன்னதும் கால் மைலும் ஒரே சமயத்துல திறந்துச்சு. காதுக்குள்ள பிளக், மேல மஃப், இருந்தும் சத்தம் காது வழியா வரல, நெஞ்சு எலும்பு வழியா வருது. அரை அங்குல குண்டு சுடற 50 கேலிபர் ஒண்ணு எங்க இருக்குன்னு பாக்காமலே தெரியும், மண்ணு அதிரும். எம்ஜி 42 நிமிஷத்துக்கு 1,200, தனித்தனி வெடியாவே கேக்காது, துணி கிழிக்கற ஒரே சத்தம்.

சட்டை விஷயமும் புரிஞ்சுது. எங்களுக்கு இடது பக்கம் ஒரு எம்60. அது காலி கேஸை வலது பக்கமா எறியும். வலது பக்கம்னா நாங்க. சூடான பித்தளை ஒண்ணு மச்சான் காலர் உள்ள போயி அவன் ஆடின ஆட்டம் இருக்கே, நல்லவேளை அப்ப அவன் கைல ஒண்ணும் இல்ல. பெரியவர் நடுவுல ஒரு ப்ளைவுட் பலகை நட்டாரு. ஆர்பிடி கேஸை நேரா கீழ தள்ளுது, துப்பாக்கி வயித்துக்கு அடில குவியும், பக்கத்து ஆளுக்குத் தொந்தரவே இல்லாத மெஷின் கன்.

என் முறை வந்துச்சு. படுத்துக்கணும். பட் கட்டையை தோள்ல அழுத்தி, இடது கையால பட் கழுத்தைப் பிடிச்சுக்கணும், முன் மரத்தை இல்ல, அங்க பிடிச்சா கொஞ்ச நேரத்துல கை வெந்துடும். டப்பாவை கீழ இருக்கற தண்டவாளத்துல தள்ளி மாட்டினா க்ளிக்னு உக்காரும். மேல் மூடியைத் திறந்து, பெல்ட் நுனியை இடது பக்கமா தட்டுல வச்சு, முதல் குண்டு பல்லுக்கு இந்தப் பக்கம் நிக்குதான்னு பாத்து, மூடியைத் தட்டி மூடணும். அப்புறம் வலது பக்க கைப்பிடியை முழுசா பின்னாடி இழுத்து திரும்ப முன்னாடி தள்ளிவிடணும். உள்ள போல்ட், அதாவது குண்டைத் தள்ளி அறையை மூடற இரும்பு, பின்னாடியே நின்னுடும். அதுதான் ஓப்பன் போல்ட். ட்ரிகரை அமுக்கினாத்தான் அந்த மொத்த இரும்பும் முன்னாடி பாய்ஞ்சு, போற வழில பெல்ட்ல இருந்து குண்டைத் தள்ளிக்கிட்டுப் போயி, குழலோட பின்பக்க அறைக்குள்ள சொருகி, வெடிக்க வைக்கும். அதனால அமுக்கறதுக்கும் வெடிக்கறதுக்கும் நடுவுல ஒரு சின்ன உதறல், குழல் லேசா கீழ முங்கும், முதல் குண்டு நீங்க நெனச்ச இடத்துக்குப் போகாது. ரைஃபிள் பழகினவங்களுக்கு இது எரிச்சலா இருக்கும்.

ஏன் அப்டி செஞ்சாங்கன்னு வலது பக்கத்து பிரௌனிங்கைப் பாத்து புரிஞ்சுக்கிட்டேன். அது க்ளோஸ்டு போல்ட், சுடறதை நிறுத்தினதும் அடுத்த குண்டு சூடான அறைக்குள்ள போய் உக்காந்துக்கும். ரொம்ப சுட்ட பிறகுன்னா அந்தச் சூட்டுலயே, யாரும் தொடாம, அது வெடிச்சுடலாம். அதான் அந்த ஓனர் நிறுத்தினதும் மூடியைத் திறந்து அறையைக் காலி பண்ணிட்டுத்தான் தண்ணி குடிக்கவே எழுந்திரிக்கறாரு. ஓப்பன் போல்ட்ல நிறுத்தினா அறை காலி, ரெண்டு பக்கமும் காத்து போகும்.

சுடறதுக்கு முன்னாடி பெரியவர் ஒண்ணு சொன்னாரு. குண்டு வெடிக்கறப்ப வர்ற வாயுவோட அழுத்தம் பத்தாம போல்ட் முழுசா பின்னாடி வரலன்னா ட்ரிகரை விட்டாலும் இது நிக்காம ஓடும், அப்ப பயந்து துப்பாக்கியை விட்டுடாதீங்க, குழலை மலைப் பக்கமே வச்சுப் பிடிச்சுக்கங்க, பாக்கியை நான் பாத்துக்கறேன்னு. அந்த வாயு அளவைக் கூட்டிக் குறைக்க குழல் பக்கத்துல மூணு அளவு இருக்கு, அதை காலைலயே சரியா வச்சுட்டாரு. ஓடல. ஆனா அதை ஒருத்தர் சொல்லிக் குடுத்தபிறகு துப்பாக்கியைப் பிடிக்கற பிடியே வேற மாதிரி ஆயிடுது.

ட்ரிகர்ல ஒண்ணொண்ணா சுடற வசதியே கிடையாது, ஃபுல் ஆட்டோ மட்டும்தான். மூணு நாலு குண்டு விட்டு விரலை எடுக்கணும். இது கேக்கறதுக்கு லேசு, செகண்டுக்கு பதினொண்ணு போகும்போது விரல் எடுக்கறதுக்குள்ள எட்டு போயிடுது. மச்சான் ஒரு வழி கண்டுபிடிச்சான். "முருகா"ன்னு சொல்லு, மு-ல அமுக்கு, கா-ல எடு. சரியா நாலு, அஞ்சு. அதுக்கப்புறம் மதியம் பூரா நாங்க சுட்ட மேட்டுல முருகா முருகான்னே கேட்டுக்கிட்டு இருந்திருக்கும், பெரியவர் அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரு, மலைமேல இருக்கற சாமின்னு சொன்னேன், எதிர்ல மலையைப் பாத்து தலையாட்டினாரு.

உதை ரொம்பக் கம்மி. 7.62×39 குண்டு ஏகே 47ல சுடறதுதான், அதை ரெண்டு மடங்கு எடை இருக்கற துப்பாக்கில வச்சா தோள்ல தள்ளுதே தவிர இடிக்கல. ஸ்டாண்டை மண்ணுல ஊனி உடம்பை லேசா முன்னாடி சாய்ச்சுப் படுத்தா, 200 கெஜத்துல இருக்கற இரும்புத் தகடு மேல நாலு குண்டுல ரெண்டு மூணு டங் டங்னு விழுது. பழைய வாஷிங் மெஷின் ஒண்ணு கிடந்துச்சு, அதோட கதையை மச்சான் முடிச்சான். குறி பாக்கற சைட்ல 1,000 மீட்டர் வரைக்கும் கோடு போட்டிருக்காங்க, அது சும்மா, அந்தக் குண்டுக்கு அவ்ளோ தூரம் கட்டுப்படியாகாது.

எனக்கு ஒரு டப்பாவை ஒரே அமுக்கா விட்டுப் பாக்கணும்னு ஆசை. கேட்டேன். மாட்டேன்னுட்டாரு. காரணம் குழல். எம்ஜி 42ல குழல் சூடாச்சுன்னா பக்கத்துக் கதவைத் திறந்து உருவிப் போட்டுட்டு புதுசு சொருகி சில செகண்ட்ல மறுபடி ஆரம்பிச்சுடலாம். ஆர்பிடில குழலைக் களத்துல மாத்தவே முடியாது, உடம்போட இருக்கறதுதான். அதனால நிமிஷத்துக்கு 100, மிஞ்சினா 150, அதுக்கு மேல போனா குழல் தேயும். போர்ல அது குறைதான், நிறைய பேரு அதைச் சொல்லியே இந்தத் துப்பாக்கியை மட்டம் தட்டுவாங்க. எனக்கு அப்டி தோணல. குழல் மாத்தற வசதி வச்சா கூட ரெண்டு மூணு கிலோ, மாத்து குழலைத் தூக்க ஒரு ஆளு. அதை விட்டுக் குடுத்துதான் 7.4 கிலோல நிறுத்திருக்காங்க. இது படையோட நடந்து போயி, பக்கத்துல இருக்கறவன் தலையைத் தூக்கவிடாம அளந்து அளந்து சுடறதுக்குன்னே செஞ்சது. மேட்டுல உக்காந்துக்கிட்டு மணிக்கணக்கா சுட வேற துப்பாக்கி இருக்கு.

அமெரிக்கப் படைக்கே அது புரிஞ்சிருந்துச்சு. வியட்நாம்ல எஸ்ஓஜின்னு ஒரு ரகசிய உளவுப் படை, லாவோஸ் பக்கமெல்லாம் ஆறேழு பேரா காட்டுக்குள்ள போவாங்க, அவங்க எதிரிகிட்ட பிடிச்ச ஆர்பிடியோட குழலை அறுத்துக் குட்டையாக்கி எடுத்துட்டுப் போனாங்க. எடை குறையும், 100 குண்டு மாத்தாம கைல இருக்கும், சத்தமும் எதிராளி துப்பாக்கி சத்தமாவே இருக்கறதால யாரு சுடறாங்கன்னு குழப்பம் வரும். எதிரிப் பொருளை வேணும்னே தேடி வச்சுக்கறதுன்னா அதுல ஏதோ இருக்கணும்ல. ரஷ்யாக்காரங்க என்னடான்னா 60கள்ல இதைத் தள்ளிட்டு ஆர்பிகே கொண்டாந்தாங்க, ஏகே 47ஓட அடுத்த வடிவமான ஏகேஎம்மை நீட்டி கனம் பண்ணினது, 40 குண்டு மேகசின், 75 குண்டு டிரம். பாகமெல்லாம் ரைஃபிளோட ஒத்துப் போகும், செலவு கம்மி, பயிற்சி சுலபம். கணக்குப்பிள்ளை எடுத்த முடிவுன்னு நான் நினைக்கறேன். ஆர்பிகேலயும் குழல் மாத்த முடியாது, பெல்ட்டும் போச்சு. 80கள்ல அமெரிக்கா எம்249ன்னு லைட் மெஷின் கன் எடுத்தப்ப அது என்னவா இருந்துச்சு? சின்ன குண்டு, கீழ டப்பால பெல்ட், ஒரு ஆள் தூக்கற எடை. குழல் மாத்தறதை மட்டும் சேர்த்துக்கிட்டாங்க.

மதியத்துக்கு மேல ஒரு ஜாம். நாலு குண்டு போயி டக்னு ஒரு வெத்து சத்தம். பெரியவர் என் தோள்ல கை வச்சாரு, நகராதேன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் குழலை அப்டியே முன்னாடி பாத்து வச்சிருந்தோம், தாமதமா வெடிச்சுத் தொலைச்சா என்ன பண்றது. அப்புறம் கைப்பிடியைப் பின்னாடி இழுத்து, சேஃப்டி போட்டு, மூடியைத் தூக்கினா, ஒரு குண்டு லிங்க்ல முன்னாடி வழுக்கி மூக்கை நுழைச்சுக்கிட்டு நின்னுச்சு. பெல்ட்டை எடுத்து, அறையை விரல் விட்டுப் பாத்து, அந்தக் குண்டைத் தூக்கி ஒரு டப்பால தனியா போட்டாரு. அந்த லிங்க் வாய் விரிஞ்சிருந்துச்சு, குறடால லேசா கவ்வி நெருக்கிட்டாரு. அறுபது வருஷத்து பெல்ட், அது தளரத்தான செய்யும்.

மூணு டப்பா முடிஞ்சப்ப முன் மரத்துல இருந்து எண்ணெய் வேர்த்து வந்துச்சு, அறுபது வருஷமா உறிஞ்சி வச்சிருந்தது. குழல் மேல காத்து நெளியுது, சைட்ல பாத்தா தகடு தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி ஆடுது, குறியே வைக்க முடியல. நிழல்ல மூடியைத் திறந்து வச்சுட்டு நாங்க புளிசாதம் சாப்ட்டோம். பெரியவருக்கும் குடுத்தேன், வேர்க்கடலையை மட்டும் பொறுக்கி சாப்ட்டாரு.

ராத்திரி ட்ரேசர், அதாவது பறக்கும்போது எரிஞ்சு வெளிச்சக் கோடு போடற குண்டு. இதுக்காகவே வர்ற கூட்டம் தனி. அமெரிக்க குண்டு சிவப்பு, ரஷ்ய, சீன குண்டு பச்சை, வியட்நாம்ல அந்த ரெண்டு நிறத்தை வச்சே யாரு எந்தப் பக்கம்னு சொன்னாங்களாம். பாறைல பட்டு பச்சைக் கோடு செங்குத்தா வானத்துக்குத் திரும்பி, அங்கயே அணைஞ்சுடும். பெல்ட்ல அஞ்சுக்கு ஒண்ணு ட்ரேசர் கோத்திருந்தோம், குண்டு வளைஞ்சு இறங்கறது அப்பத்தான் கண்ணால தெரியுது. நல்லா இருந்துச்சு, ஆனா பகல்ல படுத்து நாலு நாலா தகட்டுல விழ வச்சது எனக்கு அதைவிடப் பிடிச்சுது. மச்சான் இதை ஒத்துக்க மாட்டான்.

ஞாயிறு சாயங்காலம், வீடு

இன்னிக்கு சுடவே இல்லன்னு சொல்லலாம். காலைல மண்ணு பொறுக்கற வேலை. பித்தளை கேஸை கையால பொறுக்கணும், அதுக்கு மறுவிலை உண்டு. இரும்பு கேஸுக்கு சக்கரம் வச்ச காந்தம் ஒண்ணை உருட்டிக்கிட்டே போனா போதும், திரும்பிப் பாத்தா காந்தம் முழுக்க கேஸ்.

அப்புறம் கழுவறது. நேத்து கடைசி டப்பால கொஞ்சம் பழைய யூகோஸ்லாவிய குண்டு போட்டோம். அதோட ப்ரைமர் (குண்டோட அடில இருக்கற பத்த வைக்கற மருந்து) வெடிச்சா உப்பு படியும், உப்பு ஈரத்தை இழுக்கும், ஒரு வாரம் விட்டா குழல் துரு. எண்ணெய் போட்டு துடைச்சா உப்பு போகாது, கொதிக்கற தண்ணிதான் கரைக்கும். கேம்ப் அடுப்புல கெட்டில் வச்சு, புனல் போட்டு குழலுக்குள்ள ஊத்தி, வாயு தள்ளற பிஸ்டன் வரைக்கும் அலசி, காய வச்சு, அப்புறம்தான் எண்ணெய்.

பிரிச்சுப் பாத்தப்பதான் எனக்கு டெக்ட்யரேவ் மேல மரியாதையே வந்துச்சு. ஒரு பின்னைத் தள்ளினா பட், ட்ரிகர் பெட்டி எல்லாம் ஒரே துண்டா பின்னாடி உருவிக்கும், திரும்பத் தள்ளற ஸ்ப்ரிங் பட்டுக்குள்ளயே இருக்கு. போல்ட்டைச் சுமக்கற கேரியரை வெளிய இழுத்தா போல்ட்டோட ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன இரும்புத் தகடு, பிடிக்கலன்னா கீழ விழுந்துடும். துப்பாக்கி பூட்டறதே அந்த ரெண்டும்தான். கேரியர் முன்னாடி வந்து முடியும்போது நடுவுல இருக்கற ஆப்பு அதுங்களை வெளிப் பக்கமா விரிக்கும், அது சுவத்துல இருக்கற பள்ளத்துல போய் முட்டிக்கும், வெடிக்கற அழுத்தம் மொத்தத்தையும் தாங்கும். குண்டு வெளிய போனதும் வாயு பிஸ்டனைத் தள்ள, ஆப்பு விலக, தகடு ரெண்டும் மடங்கிக்கும். அதே கேரியர் போற போக்குல மேல ஒரு லீவரைத் தட்டி பெல்ட்டை அடுத்த குண்டுக்கு இழுத்துடும். திருகு கிடையாது, நுணுக்கமா அளந்து வைக்க ஒண்ணும் கிடையாது. பிரௌனிங்ல போல்ட்டுக்கும் குழலுக்கும் இருக்கற இடைவெளியைக் கையால திருகி வைக்கணும், தப்பா வச்சா கேஸ் கிழியும்.

பெரியவர் கடைசில அந்தத் தகடு ரெண்டையும் என் கைல குடுத்து திரும்ப மாட்டச் சொன்னாரு. இடது வலது மாறக் கூடாதுன்னாரு. மாட்டிட்டு கைப்பிடியை இழுத்து விட்டா சுத்தமான ஒரே ஓட்டம்.

வர்ற வழில விக்கன்பர்க்ல பை (pie) வாங்கி சாப்ட்டோம், மச்சான் தூங்கிட்டான், காதுல இன்னும் விசில் ஓடுது.

அவன் அடுத்த மாசம் ஊருக்குப் போறான், சட்டைப்பைல ஞாபகத்துக்குன்னு ரெண்டு காலி கேஸ் வச்சிருந்தான், இறக்கிவிடும்போது பிடுங்கி வச்சுக்கிட்டேன். காலி கேஸ்தானன்னு நினைக்காதீங்க. ஏர்போர்ட் ஸ்கேனர்ல அது குண்டு மாதிரியே தெரியும், நம்ம ஊர்ல ஆயுதச் சட்டம் கடுமை, ஃப்ளைட் போயிடும், நீங்க ஸ்டேஷன்ல உக்காந்து எழுதிக் குடுத்துக்கிட்டு இருப்பீங்க. இந்த மாதிரி இடத்துக்குப் போனா ஷூவை, பைல இருக்கற எல்லா ஜிப்பையும், மடிச்சுவிட்ட பேண்ட் ஓரத்தையும் உதறிப் பாத்துடுங்க. இப்பதான் உதறினேன், என் பேண்ட் மடிப்புல மூணு.